மயக்க மருந்து கொடுத்துத் தோளைத் தூக்கிவிடலாமா?

கேள்வி: வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. எட்டு மாதமாக இடது தோள் இறுகி, தலை பின்னக்கூடக் கை எட்டவில்லை. பிசியோதெரபியில் பலனில்லை. மயக்கம் கொடுத்துக் கையைத் தூக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். எலும்பு முறிந்துவிடாதா? இப்போதே செய்துகொள்ளலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரவில் புரண்டு படுத்தால் உயிர் போகிற வலி இன்னும் இருக்கிறதா? இருந்தால் இப்போது வேண்டாம். வலி உச்சத்தில் இருக்கும்போது செய்தால் மூட்டைச் சுற்றியுள்ள உறை மறுபடி வீங்கி இறுகிவிடும். வலி அடங்கும்வரை மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிதான் உதவும். வலி அடங்கி, இறுக்கம் மட்டும் நிற்கிறது என்றால் யோசிக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் சம்மதிக்காதீர்கள். மூட்டுத் தேய்மானம் இருந்தாலும் கை இப்படித்தான் திரும்பாது.

எலும்பு முறியும் ஆபத்து உண்டு, ஆனால் அபூர்வம். அது பெரும்பாலும் பிடியைப் பொறுத்தது. கழுத்தோரம் மரத்துப்போக ஊசி போட்டு, குறுகிய நேர மயக்கமும் கொடுப்பார்கள். தசை முழுக்கத் தளர்ந்ததும், சர்ஜன் தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அசையாமல் அழுத்திக்கொண்டு, மறு கையால் மேல்கையை அக்குளை ஒட்டிப் பிடிப்பார். முழங்கைக்குக் கீழே பிடித்து நெம்பினால் விசை பல மடங்காகி எலும்பு முறியும். முதலில் முன்பக்கமாக மேலே தூக்குவது, பிறகு பக்கவாட்டில், திருப்புவது கடைசியில்தான். முறுக்கு விசையில்தான் எலும்பு எளிதில் உடையும். உறை விடுபடும்போது துணி கிழிவது போலச் சத்தம் கேட்கும். சில நிமிட வேலைதான். நிதானமாக அழுத்தியும் விடவில்லை என்றால் நிறுத்திவிட்டு, சிறு துளை வழியே உறையை வெட்டிவிடும் நுண்துளை அறுவை சிகிச்சைக்குப் போவதே நல்லது.

மாதவிடாய் நின்றிருந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எலும்பு மெலிந்திருந்தாலோ, அந்தத் தோளில் பழைய முறிவு இருந்தாலோ இந்த முறை உங்களுக்கு ஏற்றதல்ல.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் மறுபடி இறுகும் வாய்ப்பு அதிகம். சிகிச்சையின் கடைசியில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை எகிறும், தினமும் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மாத்திரைகளை மயக்கத்துக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

அவசரம் வேண்டாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், இந்த முறை, நுண்துளை அறுவை, ஸ்டீராய்டு ஊசியுடன் முறையான பிசியோதெரபி ஆகிய மூன்றில் எதுவும் ஒரு வருட முடிவில் மற்றதைவிடத் தெளிவாக மேலாக இல்லை. ஊசி போடாமல் பிசியோதெரபி மட்டும் செய்திருந்தால், முதலில் ஊசியோடு சேர்த்து ஒரு முறை முயன்று பாருங்கள்.

செய்துகொள்வதென்றால் அன்றே பயிற்சி தொடங்க வேண்டும். மரப்பு தீரும்வரை மட்டும் கைத்தொட்டில் போதும். பிறகும் மாட்டியே வைத்தால் உறை ஒட்டிக்கொள்ளும். வலி மாத்திரை போட்ட அரை மணியில் கப்பி, குச்சிப் பயிற்சிகள், நாளைக்கு நாலைந்து முறை. முதல் இரண்டு வாரத்துக்கான பிசியோதெரபிஸ்ட் தேதிகளை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் சிகிச்சைத் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.