தீர்மானம் போட்டாச்சு, தடுப்புச் சுவர் எங்கே?

கேள்வி: ஐயா, நாங்கள் நீலகிரியில் ஒரு நகராட்சி வார்டில் இருக்கிறோம். மேல் தெருவுக்கும் கீழ் லைன் வீடுகளுக்கும் நடுவில் இருந்த பழைய கல் தடுப்புச் சுவர் முந்தின வருட ஐப்பசி மழையில் சரிந்துவிட்டது. நடைபாதையில் பாதி போய்விட்டது. பிள்ளைகள் அந்த மீதிப் பாதையில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். கவுன்சிலரிடம் சொன்னோம். 18 லட்சத்துக்கு மன்றத்தில் தீர்மானம் போட்டாச்சு என்றார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு கல் வரவில்லை. அலுவலகத்தில் ஒரு முறை ‘நிதி இல்லை’ என்கிறார்கள், இன்னொரு முறை ‘டெண்டர் விட்டோம், யாரும் எடுக்கவில்லை’ என்கிறார்கள். தீர்மானம் போட்டால் பணம் ஒதுக்கியாச்சு என்றுதானே அர்த்தம்? நாங்கள் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

பதில்: மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மீதிப் பாதையில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலோ, மழை நேரத்தில் கீழே கலங்கல் தண்ணீர் ஊறி வந்தாலோ, டெண்டர் பேச்செல்லாம் அப்புறம். உடனே 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணைக் கூப்பிடுங்கள். கீழ் லைன் வீட்டுக்காரர்களை அன்று ராத்திரி அங்கே படுக்க விடாதீர்கள். 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. மணல் மூட்டை அடுக்குவது, தண்ணீரைத் திருப்பிவிடுவது போன்ற அவசர வேலைக்கு மாதக் கூட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை. தலைவரின் முன் அனுமதியோடு வேலையை முடித்துவிட்டு, பிறகு மன்றத்தின் பார்வைக்கு வைப்பது நகராட்சிகளில் வழக்கம்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தீர்மானம் போட்டதும் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தத் தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. நகர்மன்ற அஜெண்டாவில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஓர் அலுவலகக் குறிப்பு இருக்கும். அதன் கடைசி இரண்டு வரிகளைப் படியுங்கள். ‘பொது நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு’ என்று இருந்தால், நகராட்சி தன் கைப்பணத்தில் செய்ய முடிவெடுத்திருக்கிறது. ‘நிதி கோரி அரசுக்குக் கருத்துரு அனுப்ப’ என்று இருந்தால், மன்றம் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் ஒப்புதல் கொடுத்திருக்கிறது, பணம் இனிமேல்தான் வர வேண்டும். நகராட்சிக் கணக்குப் பிரிவில் நான் இருந்த காலத்தில், ‘பாஸ் ஆயிடுச்சு’ என்று ஊர் நம்பிக் காத்திருந்த வேலைகள் பலவும் இந்த இரண்டாவது வகைதான். கவுன்சிலர் உங்களிடம் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தீர்மானம் நிஜமாகவே நிறைவேறியிருக்கும்.

தீர்மானத்துக்குப் பிறகும் கோப்பு நிறைய தூரம் நடக்க வேண்டும். மன்றம் கொடுப்பது நிர்வாக அனுமதி. பொறியாளர் தரப்பில் தொழில்நுட்ப அனுமதி தனியாக வேண்டும். தொகையைப் பொறுத்து அது நகராட்சிப் பொறியாளரோடு நிற்கும், அல்லது மேலிடத்துக்குப் போகும். அப்புறம் டெண்டர், ஒப்பந்தப்புள்ளி (ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுக்கும் விலை) ஏற்பு, ஒப்பந்தம், பணி ஆணை. பணி ஆணை கையில் வந்த பிறகுதான் ஒப்பந்ததாரர் கடப்பாரை எடுப்பார். ஆகவே ‘ஏன் இன்னும் வேலை நடக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘நடவடிக்கையில் உள்ளது’ என்ற ஒரே பதில்தான் எப்போதும் வரும். ‘கோப்பு எந்தப் படியில் நிற்கிறது, அந்தப் படிக்கு எந்தத் தேதியில் வந்தது’ என்று கேளுங்கள். எண்ணும் தேதியும் கேட்டால் பதில் சொல்கிறவர் கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும்.

‘நிதி இல்லை’ என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அதன் பொருள் ‘இந்தத் தலைப்பில் நிதி இல்லை’ என்பதுதான். தமிழ்நாட்டில் நகராட்சிக்கு ஒரே பணப்பெட்டி கிடையாது. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று கணக்குகள். சொத்து வரியோடு வசூலிக்கும் கல்வி வரியை எடுத்துச் சுவர் கட்ட முடியாது. மத்திய நிதி ஆணைய மானியத்திலும் கட்டு உண்டு. 15வது நிதி ஆணையம் 2021-26க்கு வகுத்தபடி, நம்மைப் போன்ற சிறு நகரங்களுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் சாலை, சுவர் என்று ஊரின் தேவைக்குச் செலவழிக்க இடமிருந்தது. அதனால் வங்கிக் கணக்கில் கோடிக்கணக்கில் பணம் இருக்கும்போதே உங்கள் சுவருக்குப் பணம் இல்லாமல் இருக்க முடியும்.

மலை நகராட்சிகளுக்கு இதோடு இன்னொரு சுமையும் சேர்கிறது. இது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. எந்த ஊருக்கு எவ்வளவு என்பதில் மக்கள்தொகைதான் முக்கிய அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் உதகை 88,430 பேர், குன்னூர் 45,494 பேர், கொடைக்கானல் 36,501 பேர். ஆனால் இந்த ஊர்களின் சாலையிலும் கழிவறையிலும் குப்பையிலும் பாரம் ஏற்றுவது இந்த எண்ணிக்கை மட்டுமா? 2025 ஏப்ரலிலிருந்து உயர் நீதிமன்றம் வாகனங்களுக்கு வரம்பு வைத்தபோதுகூட, வாரக் கடைசியில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 8,000, கொடைக்கானலுக்கு 6,000 என்றுதான் வைத்தது. வருகிறவர்களுக்குக் குப்பை அள்ளுவது நகராட்சி, மானியம் கணக்கிடுவது குடியிருப்பவர்களின் தலையை எண்ணி. இதற்கு மேல் பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளுக்கு மின்கட்டணம். சம்பளம், ஓய்வூதியம், மின்சாரம் போக மூலதன வேலைக்கு மிஞ்சுவது சொற்பம்.

சொந்த வருமானம் என்று பார்த்தால் சொத்து வரியும் மார்க்கெட் கடை வாடகையும்தான் தூண்கள். வாடகை நிலுவைக்காக 2021 ஆகஸ்டில் உதகை மார்க்கெட்டில் கடைகளுக்குச் சீல் வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வசூல் தடைபட்டால் எங்கோ ஒரு வார்டில் ஒரு தடுப்புச் சுவர் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

எனவே ‘நிதி இல்லை’ என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி இதுதான்: எந்த நிதியில் இல்லை, வேறு எந்தத் திட்டத்தில் கேட்டிருக்கிறீர்கள்? மலைப்பகுதிக்கென்று சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. மழையில் இடிந்தது என்பதால் பேரிடர் நிதியில் கேட்டு ஆட்சியருக்குப் பட்டியல் போயிருக்கவும் வாய்ப்புண்டு, அதில் உங்கள் தெரு இருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். 18 லட்சத்துக்கு 6 லட்சம். கீழ் லைன் குடும்பங்களிடம் அந்தப் பணத்தைக் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. பக்கத்தில் ரிசார்ட்டோ எஸ்டேட்டோ இருந்து மனமுவந்து கொடுத்தால் யோசிக்கலாம்.

இதற்கு நடுவில், அந்த இடம் யாருடையது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மேல் தெரு நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ, எஸ்டேட் பட்டாவாகவோ, ரயில்வே எல்லைக்குள்ளோ இருந்தால் நகராட்சிப் பணத்தை அங்கே செலவழித்தால் தணிக்கை ஆட்சேபணை வரும். சில கோப்புகள் இதனாலேயே சத்தமில்லாமல் படுத்துவிடும். நகராட்சியின் சாலைப் பதிவேட்டில் அந்தத் தெரு இருக்கிறதா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

சரி, ‘டெண்டர் யாரும் எடுக்கவில்லை’ என்பது. மலையில் இது உண்மையாகவே நடக்கிறது. மதிப்பீடு போடுவது பொதுப்பணித் துறை விலை விகிதப் பட்டியலை வைத்து. மலைக்கென்று அதில் கூடுதல் தொகை உண்டு, லீட் என்று சொல்லும் ஏற்றிவரும் தூரத்துக்கும் கணக்கு உண்டு. ஆனாலும் எம்-சாண்ட், ஜல்லி, கம்பி எல்லாம் சமவெளியிலிருந்து மலையேற வேண்டும். லாரி தெரு முனையோடு நின்றுவிடும். அங்கிருந்து படிக்கட்டில் தலைச்சுமைதான். பொக்லைன் இறக்கவும் ஆட்சியர் அனுமதி வேண்டும். இதெல்லாம் மதிப்பீட்டில் சரியாக ஏறியிருக்காவிட்டால், அல்லது ஒரு வருடப் பழைய விலையிலேயே டெண்டர் விட்டால், எந்த ஒப்பந்ததாரரும் கைக்காசு போட்டுச் செய்ய வரமாட்டார்.

நான் பார்த்த ஒரு மலை நகராட்சியில் இதே மாதிரி ஒரு சுவருக்கு மூன்று முறை டெண்டர் விட்டார்கள். மூன்று முறையும் அதே பழைய மதிப்பீடு. நான்காவது முறை ஓர் இளம் பொறியாளர் நேரில் போய், கல் சுமக்கும் தூரத்தை அளந்து, புதிய விலையில் திருத்தி, பக்கத்துத் தெரு வடிகால் வேலையையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போட்டார். இரண்டு பேர் விலை கொடுத்தார்கள். நீங்களும் அலுவலகத்தில் இதைத்தான் கேட்க வேண்டும்: மதிப்பீடு எந்த வருட விலைப் பட்டியலில் போட்டது, திருத்திய மதிப்பீடு தயாரித்தீர்களா? தொகை கூடினால் மன்றத்தின் அனுமதி திரும்ப வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பொருளை அடுத்த அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லிக் கவுன்சிலரை வற்புறுத்துவது உங்கள் வேலை.

டெண்டர் விட்டது உண்மைதானா என்பதையும் சரிபார்க்கலாம். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதி. அந்தக் காலத்தைக் குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அரசின் டெண்டர் இணையதளத்தில் நகராட்சியின் பெயரைப் போட்டுத் தேடினால் அறிவிப்பு கிடைக்கும். அதில் உங்கள் வேலையே இல்லை என்றால் விஷயம் டெண்டர் வரைக்கும் வரவில்லை.

இப்போது தகவல் உரிமை மனு. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. மனு இப்படி இருக்கட்டும்: ‘... தெரு தடுப்புச் சுவர் தொடர்பான மன்றத் தீர்மானத்தின் எண், நாள், அலுவலகக் குறிப்பின் நகல், மதிப்பீட்டின் நகல், தொழில்நுட்ப அனுமதியின் எண், நாள், நிதித் தலைப்பு, நிதி கோரி அனுப்பிய கருத்துருவின் நகல், டெண்டர் விட்ட நாட்களும் வந்த ஒப்பந்தப்புள்ளிகளின் எண்ணிக்கையும், இந்தக் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.’ கடைசியாகக் கேட்டதை விட்டுவிடாதீர்கள். கோப்பை நேரில் பார்க்கும்போது முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. நகலில் வராத பென்சில் குறிப்புகள்கூட அங்கே கண்ணில் படும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மனுவில் ‘ஏன்’ என்ற சொல்லே வேண்டாம். விளக்கம் கேட்டால் மறுத்துவிடலாம், ஆவணம் கேட்டால் மறுப்பது கடினம்.

மனு ஒரு பக்கம் போகட்டும். உங்கள் வார்டின் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று விசாரியுங்கள். பகுதியின் வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். கீழ் லைன் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து போய், சுவர் வேலையை முதல் தேவையாகக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது, எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 13 முதல் பழைய 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் போய், 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதனால் யாராவது பழைய சட்டப் பிரிவைக் காட்டி மனு எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

காலக் கணக்கையும் பாருங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அப்போது நமக்குச் சுற்றுலா சீசன். சீசன் முடிந்தால் தென்மேற்குப் பருவமழை, அடுத்து ஐப்பசி, கார்த்திகை மழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பின்னதுதான் மண்ணைத் தள்ளும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் முன்னது. ஆக, அடித்தளம் தோண்ட நல்ல மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரைதான். அதற்குள் பணி ஆணை கையில் இருக்க வேண்டுமானால் டெண்டர் கார்த்திகைக்குள் முடிய வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் கணக்கு முடிக்க அவசரமாகத் தொடங்கும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். அதே மாதங்களில்தான் அடுத்த வருட பட்ஜெட்டும் தயாராகும். அதில் இந்த வேலை தொடர்பணியாக, அதாவது இந்த வருடம் முடியாமல் அடுத்த வருடத்துக்குப் போகும் வேலையாக, ஏறியிருக்கிறதா என்று மார்ச் கூட்டத்துக்கு முன்பே கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அசைவில்லையென்றால் ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் தகவல் உரிமைப் பதில்களோடு போய் நில்லுங்கள். பணம் எடுத்தும் வேலை நடக்கவில்லை என்று ஆவணத்தில் தெரிந்தால் மட்டும், உள்ளாட்சிகளின் முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதுங்கள்.

வேலை தொடங்கிய பிறகு தெருவில் இருவர் மாறி மாறிக் கண் வைத்திருங்கள். மலையில் சுவரைத் தள்ளுவது மண்ணை விட, மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர். சுவரில் தண்ணீர் வெளியேறும் துளைகள் வரிசையாக விட்டிருக்கிறார்களா, அவற்றின் பின்னால் களிமண்ணை அள்ளிப் போடாமல் கல், ஜல்லி நிரப்புகிறார்களா, மேல் தெரு மழைநீர் சுவரின் தலையில் விழாமல் வடிகாலுக்குப் போகிறதா என்று பாருங்கள். அடித்தளக் குழியை மூடுவதற்கு முன் ஆழத்தை டேப் வைத்து அளந்து, தேதி தெரியும்படி படம் எடுங்கள். பில் போடும்போது, பொறியாளர் வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் உள்ள ஆழத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு படம் போதும்.