ஏலத்தோட்டத்தில் பிற்பகலிலேயே அணைந்துவிடும் போன்: புதிது வாங்குவது தகுமா?

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தினமும் காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாக ஏறி, வண்டன்மேட்டுப் பக்கமுள்ள ஏலத்தோட்டம் ஒன்றில் மேற்பார்வை வேலை பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறவர். 2021இன் தொடக்கத்தில் பதினான்காயிரம் ரூபாய்க்கு வாங்கிய 4ஜி போன், பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிடுகிறது. ஆட்களின் கூலியை ஜிபேயில் போடுவதும், வருகைப் பதிவைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்புவதும் அதில்தான். கம்பத்தில் ஒரு கடையில் பழைய போனுக்கு 2,500 ரூபாய் கழித்துக்கொண்டு, 21,999 ரூபாய் விலையுள்ள 5ஜி போனை வட்டியில்லாத் தவணையில் தருவதாகச் சொல்கிறார்கள். குமுளியில் இருக்கும் மைத்துனரோ, ஓணத்துக்குக் கேரளக் கடைகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், பொறுங்கள் என்கிறார். வாங்கலாமா, வாங்குவதென்றால் எதை, எங்கே என்பது கேள்வி.

வாங்கலாம். ஆனால் சார்ஜ் நிற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினால், புதிய போனும் மலையில் இதே குறையைக் காட்டும்போது ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே போன் மூன்று மணிக்கு அணைவதில் பேட்டரியின் பங்கு எவ்வளவு, மலையின் பங்கு எவ்வளவு என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்குக் காசு செலவில்லை.

போன் கோபுரத்திலிருந்து சிக்னலை வாங்குவதோடு நிற்பதில்லை. கோபுரத்துக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டும். கோபுரம் பக்கத்தில் இருந்தால் மிகக் குறைந்த ஆற்றலில் அந்த வேலை முடிந்துவிடும். தொலைவில் இருந்தாலோ இடையில் மலை மறைத்தாலோ, போன் தன் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போய், அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்சமான ஏறத்தாழ 200 மில்லிவாட்டை எட்டிவிடுகிறது. அவ்வளவை வெளியே அனுப்புவதற்கு, உள்ளே பேட்டரியிலிருந்து அதைப்போலப் பலமடங்கு இழுக்கப்படுகிறது. ஏலச்செடி பெரிய நிழல் மரங்களின் அடியில் வளர்வது. நனைந்த இலைகள் ரேடியோ அலைகளை நன்றாகவே விழுங்கும் என்பதால் மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். போதாக்குறைக்கு உங்களுடையது எல்லைப் பகுதி. மலை விளிம்பில் நிற்கும் போனுக்குக் கீழே பள்ளத்தாக்கிலுள்ள தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்தின் கோபுரமும், மேலே கேரள வட்டத்தின் கோபுரமும் அரைகுறையாக எட்டும்போது, இரண்டில் எதிலும் உறுதியாக நிற்க முடியாமல் மாறிமாறிப் பதிவு செய்துகொண்டிருப்பதும் சார்ஜைத் தின்னும் வேலைதான். நாட்டுக்குள் ரோமிங் கட்டணம் பெரும்பாலான திட்டங்களில் இல்லாமல் போய்விட்டதால், இப்படி வட்டம் மாறுவதை நாம் கவனிப்பதையே விட்டுவிட்டோம்.

வேலைக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டு, கம்பத்திலேயே இருந்துகொண்டு, தோட்டத்தில் பயன்படுத்தும் அளவுக்குப் போனைப் பயன்படுத்திப் பாருங்கள். இரவு வரை தாங்கினால் பேட்டரி பிழைத்திருக்கிறது, சிக்னல்தான் அதை வாட்டுகிறது என்று பொருள். வீட்டிலும் மூன்று மணிக்கே அணைந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. மறுநாள் தோட்டத்தில், போனின் அமைப்புகளில் ‘அபவுட் போன்’ பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்து பாருங்கள். சிக்னல் வலிமை கழித்தல் குறியோடு ஓர் எண்ணாகத் தெரியும். 4ஜியில் அது மைனஸ் 80, 90 என்ற அளவில் இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 110ஐயும் தாண்டி மைனஸ் 115, 120 என்று காட்டினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனும் அந்தச் சரிவில் திண்டாடத்தான் செய்யும்.

சிக்னல்தான் காரணம் என்று தெரிந்தால் செய்யக்கூடியவை சில உண்டு. இரண்டு சிம் போட்டிருப்பவர்களின் போனில், தோட்டத்தில் சிக்னலே எட்டாத சிம் ஒன்று நாள் முழுவதும் கோபுரத்தைத் தேடிக்கொண்டிருக்கும். மலை ஏறியதும் அந்த ஒன்றை மட்டும் அமைப்புகளில் அணைத்துவிட்டு, இறங்கியதும் திறந்துகொள்ளலாம். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும் என்றால், தேவைப்படும்போது சிக்னல் எட்டும் இடத்துக்கு வந்து திறந்தால் போதும். எட்டாத சிம்முக்கு ஓடிபியும் வரப்போவதில்லை. தோட்டத்து ஆபீஸிலோ ஸ்டோரிலோ பிராட்பேண்ட் இருந்தால், வைஃபை வழியாகவே அழைப்பு பேசும் வசதியை இயக்கிவிடுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலிருந்தும் ஜியோ 2020 ஜனவரியிலிருந்தும் இதைத் தருகின்றன, உங்கள் பழைய போனிலேயே இருக்கவும் கூடும்.

இனி பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் சிறிது கொள்ளளவை இழக்கும். பாதி இறங்கிப் பாதி ஏற்றினால் அரைச் சுற்று என்று கணக்கு. உங்கள் போன் வந்த காலத்தில் ஏறத்தாழ 500 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் மிஞ்சுவதே சாதாரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கப்படும் போன்கள் 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. தினமும் முழுதாகத் தீர்த்து முழுதாக ஏற்றிய உங்கள் பேட்டரி ஆயிரத்து ஐந்நூறு சுற்றைத் தாண்டியிருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் அது தோற்றால் வியப்பில்லை. இவ்விலைப் போன்களுக்கு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் அசல் பேட்டரி மாற்ற, பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் ஆகும். முந்நூறு, நானூறு ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பெயர் தெரியாத பேட்டரி உப்பிக்கொண்டு திரையைத் தள்ளும் போன்களை எந்தப் பழுதுபார்க்கும் கடையிலும் பார்க்கலாம்.

அப்படியானால் இரண்டாயிரம் ரூபாயில் முடியும் விஷயத்துக்கு இருபதாயிரம் எதற்கு என்று கேட்கலாம். போனில் நீங்கள் பேசுவதும் பாட்டுக் கேட்பதும் மட்டுமே செய்கிறவராக இருந்தால், பேட்டரியை மாற்றிவிட்டு இன்னும் இரண்டாண்டு ஓட்டுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில், ஆண்ட்ராய்டு பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி 2023 மார்ச்சில் நின்றிருக்கிறது. அந்தக் காலத்து நடுத்தர விலைப் போன்களுக்கு இரண்டு ஆண்ட்ராய்டு மேம்பாடு, மூன்றாண்டு பாதுகாப்புத் திருத்தம் என்பதே பெரும்பாலும் வழக்கம். உங்களுக்கு அது முடிந்துவிட்டது. திருத்தம் நின்ற போன் மறுநாளே கொள்ளை போய்விடாது. நம் ஊரில் நடக்கும் மோசடிகளில் பல, போக்குவரத்து அபராதம் என்றும் கல்யாணப் பத்திரிகை என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற, செயலியை நிறுவும் கோப்பைத் தட்டுவதால் நடப்பவை. அதிலிருந்து எந்தப் புதிய போனும் முழுதாகக் காப்பாற்றாது. இருந்தாலும், கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்படாமல் கிடக்கும் ஒரு போன் வழியாக, முதலாளியின் பணத்தை வாரந்தோறும் பலருக்கு அனுப்புவது தகாது. பழைய ஆண்ட்ராய்டுகளை வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடுவதும் வரப்போவதுதான். என் கணக்கில் நீங்கள் போன் வாங்குவதற்கான நியாயம் இது ஒன்றே.

இந்த நியாயத்தை வைத்துப் பார்த்தால், கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் மாறிவிடுகிறது: இந்த மாடலுக்கு எத்தனை ஆண்டு திருத்தம் வரும், எந்தத் தேதியிலிருந்து கணக்கு? கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ்24க்கும் ஏழாண்டு அறிவித்தன. விலை குறைந்த கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கே ஆறாண்டு உண்டு. அதே விலையில் மூன்றாண்டோடு நிறுத்திக்கொள்ளும் போன்களும் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும். கணக்கு போன் வெளியான நாளிலிருந்து தொடங்குவதால், ஒன்றரை ஆண்டுக்கு முன் வெளிவந்து தள்ளுபடியில் கிடக்கும் மாடலில் அந்த ஒன்றரை ஆண்டு ஏற்கெனவே கழிந்திருக்கும்.

5ஜிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இந்த விலையில் இப்போது ஏறத்தாழ எல்லாமே 5ஜிதான். இந்தியாவில் 2022 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கிய சேவை உங்கள் தோட்டத்துச் சரிவை எட்டியிருக்கிறதா என்பதுதான் விஷயம். அதிவேகம் தரும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை மலையையும் மரத்தையும் தாண்டி நெடுந்தொலைவு போகாது. 700 மெகாஹெர்ட்ஸ் போகும். ஜியோ தன் 5ஜிக்கும் பிஎஸ்என்எல் தன் 4ஜிக்கும் இந்த 700ஐப் பயன்படுத்துகின்றன. ஆகவே போனின் விவரக்குறிப்பில் இந்த 700ஐக் குறிக்கும் எண்களான, 4ஜியின் கீழ் பேண்ட் 28உம் 5ஜியின் கீழ் என்28உம் இருக்கின்றனவா என்று பார்ப்பது, சமவெளிக்காரருக்கு வீண் வேலையாகத் தோன்றினாலும், உங்களுக்கு மெகாபிக்சலைவிட முக்கியம். உங்கள் சரிவில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிற்கிறது என்பதைக் கடைக்காரரைவிடக் காய் எடுக்கும் ஆட்கள் நன்றாகச் சொல்வார்கள்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் மற்றவற்றில் பாதியை ஒதுக்கிவிடலாம். 8 கூட்டல் 8, ஆக 16 ஜிபி ரேம் என்று எழுதியிருந்தால் உண்மையான ரேம் 8 மட்டுமே. மீதி சேமிப்பிடத்திலிருந்து இரவல். 50 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும், வருகைப் பதிவேட்டுக்கு அதுவே தாராளம்; 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா எண்ணிக்கையைக் கூட்டவே இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது 6 அல்லது 8 ஜிபி உண்மையான ரேம், 128 ஜிபி சேமிப்பிடம், 5,000 எம்ஏஎச்சுக்குக் குறையாத பேட்டரி, மழைச் சாரல் தாங்க ஐபி64 போன்ற ஒரு தரம். அந்தத் தரம் இருந்தாலும் நீர் புகுந்த சேதத்தை உத்தரவாதம் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஜூன் மாத மழையில் சட்டைப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். வாங்கப்போகும் நிறுவனத்துக்குத் தேனியில் சர்வீஸ் சென்டர் உண்டா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் மதுரைக்குப் போவது ஒரு நாள் கூலியை இழப்பது.

இவையெல்லாம் அமைந்த போனுக்கு 21,999 ரூபாய் தேவையில்லை. பதினைந்திலிருந்து பதினேழாயிரத்துக்குள் தேடலாம். அதற்கு மேல் கொடுப்பது கேமராவுக்கும் விளையாட்டுக்கும் போகும் பணம். தரவு மையங்களின் தேவையால் 2025இன் பிற்பகுதியிலிருந்து மெமரி சிப்புகளின் விலை ஏறி, போன் விலைகளையும் ஏற்றியிருக்கிறது. ஆகவே முன்பைப்போல ஆறு மாதம் காத்திருந்தால் தானாக இறங்கிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மைத்துனர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஓணத்தையொட்டிக் கேரளக் கடைகளில் தள்ளுபடி உண்மையாகவே நல்லது. ஆனால் மாநிலம் மாறுவதால் வரியில் எதுவும் மிச்சமாகாது. 2020 ஏப்ரலிலிருந்து போனுக்கு நாடு முழுவதும் 18 சதவீத ஜிஎஸ்டிதான். கேரளம் வெள்ள நிவாரணத்துக்காக வசூலித்த ஒரு சதவீத வரியும் 2021 ஜூலையோடு முடிந்துவிட்டது. நம் பக்கத்திலும் தீபாவளிக்கு இதே தள்ளுபடி வரும். ஓணம் சில வாரங்களில் வருகிறது என்றால் பொறுங்கள். இல்லையென்றால் பேட்டரி மூச்சுத் திணறும் போனோடு அதற்காகக் காலம் தள்ள வேண்டாம். எங்கே வாங்கினாலும், ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாளமான ஐஎம்இஐ எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். *#06# அழுத்தினால் திரையில் வரும் எண் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

வட்டியில்லாத் தவணையில் வட்டி இல்லாமல் இல்லை. அதைத் தள்ளுபடி என்ற பெயரில் முன்கூட்டியே கழித்துக்காட்டுகிறார்கள். அந்த வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் செயல்முறைக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். மொத்தப் பணமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு தவணைகளின் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

பழைய போனுக்கு 2,500 ரூபாய் மோசமில்லை. புதிய போனின் விலையில் அது உண்மையாகவே குறைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு கொடுத்துவிடலாம். அதற்கு முன் வாட்ஸ்அப்பைப் பேக்கப் எடுத்து, மெமரி கார்டைக் கழற்றி, கூகுள் கணக்கை நீக்கி, போனை முழுதாக ரீசெட் செய்யுங்கள். யுபிஐ செயலியைப் புதிய போனில் பதியும்போது உங்கள் சிம்மிலிருந்தே ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பதால், அந்த வேலையைச் சிக்னல் நன்றாக உள்ள கம்பத்தில், வீட்டிலேயே முடித்துவிடுங்கள். போன் மாறியதும் முதல் 24 மணி நேரத்துக்குப் பல வங்கிகள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்பவிடாது. கூலி போடும் நாளன்றோ அதற்கு முந்தைய நாளிலோ போனை மாற்றாமல், கூலி போட்டு முடித்த மறுநாள் மாற்றுவது நல்லது.