செக்கனுக்கு ஒரு கோடி: வாசகர் கேள்வி பதில்

செய்மதியிலிருந்து வரும் செக்கன் துடிப்பை அளவுகோலாக வைத்து, 10 மெகாஹேட்ஸ் (செக்கனுக்கு ஒரு கோடி அலை) பளிங்கு ஒசிலேற்றர் ஒன்றை அதற்கேற்ப இழுத்துப் பிடிக்கும் பெட்டிதான் ஜி.பி.எஸ்.டி.ஓ. அதைச் சொந்தமாகச் செய்து பார்ப்பவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள் என்பதை இம்மாதம் வந்த கடிதங்கள் காட்டின. கிட்டத்தட்ட ஒரே சங்கதியைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: வெள்ளவத்தையில் நாலாம் மாடி ஃப்ளாட். கடல் பக்கம் ஒரு பல்கனி மட்டும்தான்; பாதி வானம்தான் தெரியும். கையில் இருப்பது நியோ-6எம் என்ற ஜி.பி.எஸ். ரிசீவர் மொடியூலும் அதோடு வந்த சின்ன அன்ரெனாவும். இதை வைத்து நேரம் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். நேரத்தோடு இடத்தையும் கண்டுபிடிக்கத்தான் 4 செய்மதி வேண்டும். இடம் மாறாது என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் நேரத்துக்கு ஒன்றே போதும். அந்த வசதி நியோ-6எம்மில் இல்லை. நேரத்துக்கென்றே செய்த நியோ-எம்8ரி போன்றவற்றில் உண்டு. பாதி வானம் மட்டும் உள்ளவர் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மாற்றிய பிறகு 24 மணிநேரம் விட்டு இடத்தைச் சராசரி எடுக்கச் செய்யுங்கள். அரை மணியில் நிறுத்தினால் உயரத்தில் சில மீற்றர் பிழை தங்கிவிடும். 3 மீற்றர் என்பது 10 நனோ செக்கன்.

அன்ரெனாவைக் கிராதிக்கு வெளியே, முகம் வானத்தைப் பார்க்க நீட்டி வையுங்கள். அடியில் 10 சென்ரிமீற்றருக்குக் குறையாத உலோகத் தகடு அவசியம். பிஸ்கட் டின் மூடி தாராளமாகப் போதும். பக்கத்துக் கட்டடக் கண்ணாடியிலும் கடலிலும் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை தாழ்ந்த கோணத்தில்தான் அதிகம். ஆகவே 15 அல்லது 20 பாகைக்குக் கீழே உள்ள செய்மதிகளைத் தள்ளிவிடும்படி அமையுங்கள். ரி.வி. அன்ரெனாவுக்குப் போடும் 75 ஓம் ஆர்ஜி-6 வயர் தாராளமாகப் பொருந்தும். அதில் மீற்றருக்குச் சுமார் 4 நனோ செக்கன் தாமதம்; 15 மீற்றர் என்றால் 60ஐக் கழிக்கச் சொல்லி அமைப்பில் எழுதுங்கள். மழை இந்த மீடிறனை ஒன்றும் செய்யாது. இணைப்பானுக்குள் நுழையும் உப்புக் காற்றுதான் கடலோரத்தில் எமன். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் ரேப்பால் இறுகச் சுற்றிவிடுங்கள்.

கேள்வி: நான் வானொலி ஆர்வலன். வானொலி ஆர்வலர்களுக்கான கியூஓ-100 செய்மதியைக் கேட்பதற்காக டிஷ்ஷின் எல்.என்.பி.க்கு (முகப்பிலுள்ள வாங்கிக்கு) என் ஜி.பி.எஸ்.டி.ஓ.விலிருந்து மீடிறன் கொடுக்கிறேன். அதன் பீக்கன் (அடையாளச் சமிக்ஞை) 12 நிமிடத்துக்கு ஒருமுறை 20 ஹேட்ஸ் அளவு மேலும் கீழும் ஆடுகிறது. ஓ.சி.எக்ஸ்.ஓ. (சூடான சின்னச் சூளைக்குள் இருக்கும் பளிங்கு ஒசிலேற்றர்) பழையது, இழுக்கும் வோல்ற்றளவு 0 முதல் 4 வோல்ற், வீச்சு ±0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அரைப் பங்கு). அந்த வோல்ற்றளவைத் தருவது 16 பிற் டி.ஏ.சி. (எண்ணை வோல்ற்றளவாக்கும் சிப்). நேர மாறிலி (பிழையைத் தீர்க்க எடுக்கும் நேரம்) 100 செக்கன், தொகையீட்டு நேரமும் (பிழைகளைக் கூட்டிச் சேர்த்துத் திருத்தும் வேகம்) 100 செக்கன். பழைய ஒசிலேற்றர் போய்விட்டதா?

பதில்: ஒசிலேற்றரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எண்களை முழுதாக எழுதியது நல்லதாகப் போயிற்று, அவற்றிலேயே விடை கிடக்கிறது.

முதலில் அந்த 12 நிமிடம். நேர மாறிலியும் தொகையீட்டு நேரமும் சமமாக இருந்தால் வளையம் (பிழையைப் பார்த்து ஒசிலேற்றரைத் திருத்தும் சுற்று) முழுதாகத் தணியாது; தட்டிவிட்டால் ஊஞ்சல் போல ஆடும். இரண்டும் 100 என்றால் அந்த ஆட்டத்தின் காலம் 725 செக்கன், அதாவது 12 நிமிடமேதான். தொகையீட்டு நேரம் நேர மாறிலியைப் போல் 4 மடங்கு இருந்தால் ஆட்டமின்றி அடங்கும்.

ஆனால் ஊஞ்சலை யாரோ தள்ள வேண்டுமே. எல்.என்.பி.யின் உள் மீடிறன் 9750 மெகாஹேட்ஸ். அதில் 20 ஹேட்ஸ் என்பது 2×10⁻⁹ பங்கு. செக்கன் துடிப்பின் 20 நனோ செக்கன் நடுக்கத்தை 100 செக்கனால் பிரித்தால் 2×10⁻¹⁰தான் வரும். பத்து மடங்கு குறைகிறது. ஆக, தள்ளுவது செய்மதியல்ல. டி.ஏ.சி.க்கு ஆதார வோல்ற்றளவு எங்கிருந்து வருகிறது? யூ.எஸ்.பி.யின் 5 வோல்ற் என்றால் ஆளைப் பிடித்தாயிற்று. உங்கள் ஒசிலேற்றருக்கு 1 மில்லி வோல்ற் 2.5×10⁻¹⁰, யூ.எஸ்.பி.யில் 5 மில்லி வோல்ற் ஏறி இறங்குவது சாதாரணம். ஒசிலேற்றரிலேயே ஆதார வோல்ற்றளவுக் கால் இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் தனி ஆதாரச் சிப் ஒன்று போடுங்கள்.

அடுத்த திருடன் நிலவயர். சூளைக்குப் போகும் மின்னோட்டமும் டி.ஏ.சி.யின் நிலமும் ஒரே வயரில் திரும்பினால், 300 மில்லி அம்பியர் 10 மில்லி ஓமில் 3 மில்லி வோல்ற்றை விழுத்தும். அறை சூடேறச் சூளை குறைவாக இழுக்கும், அந்த 3 மில்லி வோல்ற்றும் மாறும். பார்ப்பவர் வெப்பநிலைக் கோளாறு என்று பளிங்கைத் திட்டுவார். டி.ஏ.சி.யின் நிலத்தை ஒசிலேற்றரின் நிலக்காலிலேயே, தனி வயரால் கட்டுங்கள்.

எதையும் மாற்றுமுன் ஒரு சோதனை. டி.ஏ.சி.யை ஒரே எண்ணில் உறைய வைத்து, 3 மணிநேரம் கட்ட வித்தியாசத்தை (செக்கன் துடிப்புக்கும் ஒசிலேற்றருக்கும் இடையிலான நேர வித்தியாசத்தை) பதியுங்கள். கோடு நேராகவோ மெதுவாக வளைந்தோ போனால் குற்றம் வளையத்தில். அலை அப்படியே இருந்தால் வோல்ற்றளவையோ ஏ.சி. மெஷின் ஓடி நிற்கும் நேரத்தையோ பாருங்கள். மணிக்கு 36 நனோ செக்கன் சாய்வு 10⁻¹¹ என்று கணக்கிடுங்கள்.

இவை சரியானதும் நேர மாறிலியை 500க்குக் கொண்டுபோங்கள், தொகையீடு 2000. உங்கள் டி.ஏ.சி.யில் ஒரு படி 1.5×10⁻¹¹. 100 நனோ செக்கன் பிழையை 500 செக்கனில் தீர்க்க 2×10⁻¹⁰ வேண்டும், அதாவது 13 படி. உங்கள் நிரல் 100 படி தள்ளுகிறதென்றால் பெருக்கத்தில் தவறு. ஒசிலேற்றர் சில நாள் அணையாமல் ஓடிய பிறகே 1000க்குப் போங்கள்.

கேள்வி: மார்ச் மாதத்தில் இரவு எட்டு மணியளவில் செக்கன் துடிப்பு தடுமாறுகிறது, சில செய்மதிகள் காணாமலும் போகின்றன. அன்ரெனா பழுதா?

பதில்: காலையில் ஒழுங்காக இருந்தால் அன்ரெனாவில் பழுதில்லை. காந்த மத்தியகோடு நமக்கு மிக அருகே ஓடுகிறது. சூரியன் மறைந்ததும் அயன்மண்டலத்தில் குமிழிகள் கிளம்பிச் சமிக்ஞையை மினுங்க வைக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்ரெம்பர், ஒக்ரோபரிலும் அதிகம், சூரியன் உக்கிரமான ஆண்டுகளில் இன்னும் அதிகம். பிற்பகலில் மினுக்கம் இல்லாவிட்டாலும் தாமதம் உண்டு: ஒற்றை மீடிறன் ரிசீவரில் 30 முதல் 50 நனோ செக்கன் வரை போகலாம், செய்மதி தரும் திருத்தம் அதில் பாதியளவைத்தான் போக்கும். மீடிறன் மட்டும் தேவைப்படுபவர் கவலைப்பட வேண்டாம். 40 நனோ செக்கன் 6 மணிநேரத்தில் மாறினால் 2×10⁻¹²கூட இல்லை. நேரமே துல்லியமாக வேண்டுமென்றால் செட்ஈடி-எஃப்9ரி போன்ற இரட்டை மீடிறன் ரிசீவரைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: கரண்ட் போனால் எவ்வளவு நேரம் நம்பலாம்?

பதில்: கரண்ட் போவது நமக்குத்தான், செய்மதிக்கல்ல. ரிசீவரையும் சேர்த்து பற்றரியில் போட்டால் கேள்வியே எழாது. முழுப் பெட்டியும் 5 வாற் எடுத்தால் 12 வோல்ற் 7 அம்பியர் மணி பற்றரி 10 மணிநேரம் தாங்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் குரங்கு ஒன்று நாட்டையே இருளாக்கியது போன்ற நாளுக்கும் ஓரளவு காணும். ஆனால் பற்றரி 13.7இலிருந்து 11.5 வோல்ற்றுக்கு இறங்கும். அதை நேரே ஒசிலேற்றருக்குக் கொடுக்காமல், 15க்கு உயர்த்தி, நேர்கோட்டு ரெகுலேற்றரால் 12க்கு இறக்கிக் கொடுங்கள்.

ரிசீவர் மட்டும் நின்று ஒசிலேற்றர் ஓடினால், 4 மணிநேரத்தில் முதுமை நகர்வு (பளிங்கு பழசாகப் பழசாக மீடிறன் நகர்வது) நாளுக்கு 10⁻¹⁰ என்று வைத்தாலும் 0.12 மைக்குரோ செக்கன்தான். மின்விசிறி நின்று அறை புழுங்குவதால் வரும் 2×10⁻¹⁰ மாற்றம் 2.9 மைக்குரோ செக்கனைத் தின்றுவிடும். பெட்டியை ரிஜிபோமுக்குள் வைப்பது முதுமையை அளப்பதைவிடப் பயன். சூளைக்கு மூச்சு முட்டாமல் ஒரு பக்கம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: ரிசீவரை ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் கொடுத்ததும் நேரம் 18 செக்கன் முந்துகிறது, பழைய ரிசீவரிலோ திகதி 19 ஆண்டு பிந்துகிறது.

பதில்: ஜி.பி.எஸ். நேரம் 2017 ஜனவரியிலிருந்து யூ.ரி.சி.யை (உலகப் பொது நேரத்தை) விட 18 செக்கன் முன்னால். அந்தத் திருத்தத்தைச் செய்மதி 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும், அதுவரை பொறுங்கள். பழையதில் 10 பிற் வார எண் சுற்றி வந்துவிட்டது: 1024 வாரம், 7168 நாள். அதைத் திகதியோடு கூட்டிக்கொண்டால் சரி. செக்கன் துடிப்பில் குறையில்லை. துடிப்பை யூ.எஸ்.பி. வழியே கொடுக்காதீர்கள், மில்லி செக்கன் அளவுக்குக் குலுங்கும், நேரே கணினிப் பலகையிலுள்ள ஜி.பி.ஐ.ஓ. காலுக்குக் கொடுங்கள். அரை மணி முந்தினால் மட்டும் செய்மதியைக் குற்றம் சொல்ல முடியாது: 2006 ஏப்ரலில் இலங்கை +6:00இலிருந்து +5:30க்கு மாறியதை அந்த மென்பொருள் இன்னும் கேள்விப்படவில்லை.