மாலை கழற்றிய ராத்திரி

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. தினமும் குடிப்பான். ஆனால் கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் ஒரு சொட்டு தொடமாட்டான். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய ராத்திரியே பழையபடி ஆகிவிடுவான். நாலு வருஷமாக இதே கதை. "சாமியையே ஏமாத்துறான்" என்கிறார் பாட்டி. கோயிலில் சத்தியம் வாங்கி கயிறு கட்டிவிடலாம் என்கிறார் அம்மா. மாலை போட்ட புதிதில் கை நடுங்கினால், அருள் வந்ததாக விபூதி பூசுகிறார். இவன் பக்தி பொய்யா?
- குடியாத்தம் வாசகி

பதில்: பொய் பக்திக்காக யாரும் மார்கழிப் பனியில் விடிகாலை பச்சைத்தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். அந்த 41 நாள் நிஜம்தான்.

முதலில் நடுக்கத்தைப் பேசிவிடுவோம். அது அருள் இல்லை. தினமும் குடித்த உடம்பு, சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத ஆளோடு பேசுகிறவர்களும் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. அப்போதும் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த முறை மாலை போடும் முன்பே வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ பாகாயம் சி.எம்.சி. மனநல மையத்திலோ காட்டுங்கள். தினமும் எவ்வளவு என்பதைக் குறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வர மறுத்தால், நீங்களாவது 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணில் பேசுங்கள். மாத்திரை போட்டால் விரதம் கெடுமா என்பான். குருசாமியையே கேட்கட்டும், சர்க்கரை மாத்திரையோடு மலையேறும் சாமிகளை அவர் எத்தனையோ பார்த்திருப்பார்.

சரி, 41 நாள் முடிகிறது, 42-ஆம் நாள் ஏன் முடியவில்லை? மாலை போட்டதும் அவன் பெயரே மாறிவிடுகிறது. அம்மாகூட "சாப்பிடுங்க சாமி" என்கிறார். கூட்டாளிகளே "அவன் சாமிடா, கூப்பிடாதே" என்று விலகிப்போகிறார்கள். குடிக்கிற நேரமான சாயங்காலத்தில் பஜனை இருக்கிறது, பக்கத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள். மாலையைக் கழற்றியதும் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிறது, வாசலில் பைக் ஹாரன் கேட்கிறது, அவன் மறுபடியும் "டேய்".

கயிறு கட்டுவதை நான் தடுக்கவில்லை. அவனாகக் கேட்டால் கட்டுங்கள். "குடித்தால் ரத்தம் கக்குவாய்" என்று பயமுறுத்திக் கட்டினால், ஒருநாள் தவறியதும் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு, 'சாமியே கைவிட்டாச்சு' என்று இரண்டு மடங்கு குடிப்பான். பாட்டியின் பேச்சும் அப்படித்தான். குற்றவுணர்ச்சியைப் போக்க அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்து அந்த பாட்டில்.

குருசாமியிடம் தனியாகப் பேசுங்கள். மாலை கழற்றிய பிறகும் வாரம் ஒருநாள் பஜனைக்கு, பாத்திரம் கழுவவாவது, அவனைக் கூப்பிடுவாரா என்று கேளுங்கள். அப்புறம், மாலை கழற்றுவதற்கு முந்தைய நாள், தம்பி இன்னும் சாமியாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "நாளைக்குச் சாயங்காலம் எங்கே இருப்பீங்க சாமி?"