ஐந்தாவது நிகழ்ச்சி ஓடும்போது நீங்கள் தூங்கிவிட்டீர்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "என்னைப் பற்றி இந்த மென்பொருளுக்கு எப்படித் தெரிகிறது?" தேர்வுப் பயிற்சி மென்பொருள் எழுதும் குழுவில் பதினொரு வருடம் இருந்தவன் நான். அதாவது, வேவு பார்க்கிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அங்கே கண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் கூடாரம் வாங்கலாமா என்று வாய்ப்பேச்சாகத்தான் பேசினோம். இணையத்தில் யாரும் எதையும் தேடவில்லை. மறுநாளே என் போனில் கூடார விளம்பரம். போன் ஒட்டுக்கேட்கிறதுதானே?

"யாரும் தேடவில்லை" என்பதை உங்கள் கணவரிடம் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். வீட்டில் இருவருக்கும் ஒரே இணைய இணைப்பு என்றால், அவர் போனில் தேடியது உங்கள் போனில் விளம்பரமாக வருவது சர்வசாதாரணம். ஒரே இணைப்பிலிருந்து வரும் போன்களை ஒரே குடும்பம் என்று கணக்கு வைத்துக்கொள்வது விளம்பரத் தொழிலின் பழைய வித்தை.

ஒட்டுக்கேட்கும் விஷயத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சை அனுப்பிய ஆப் ஒன்றுகூட அவர்களிடம் அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று: திரையில் நீங்கள் செய்வதையெல்லாம் படம் பிடித்து இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பிய ஆப். நாம் காதைப் பொத்திக்கொண்டிருந்தோம், அது கண்ணைத் திறந்து வைத்திருந்தது.

இன்னொன்று. கூடாரம் என்ற பேச்சு உங்களுக்குள் எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தின வாரம் மலையேற்ற வீடியோ நாலு பார்த்திருப்பீர்கள். அந்த வீடியோக்கள் உங்களைக் கூடாரம் பற்றிப் பேச வைத்தன. அவற்றைப் பார்த்தீர்கள் என்ற பதிவு விளம்பரத்தை வரவைத்தது. விளம்பரம் பேச்சுக்குப் பின்னால் வந்ததால் பேச்சால் வந்தது போலத் தெரிகிறது.

கேள்வி: இந்த 'ஆளை எடை போடும்' வேலை எப்போது தொடங்கியது?

1979இல் எலைன் ரிச் என்ற ஆய்வாளர் 'கிரண்டி' என்ற நிரலைப் பற்றி எழுதினார். நூலகர் போல நாவல் சிபாரிசு செய்யும் நிரல் அது. "உங்களைப் பற்றிச் சில சொற்களில் சொல்லுங்கள்" என்று நேராகக் கேட்கும். சொன்ன சொற்களை வைத்து 'இன்ன வகை ஆள்' என்ற ஓர் அச்சில் உங்களைப் பொருத்தும். காட்டிய நாவல் வேண்டாம் என்றால், எது பிடிக்கவில்லை என்று விசாரித்துத் தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும். இப்போது நம்மிடம் கேட்பது நின்றுவிட்டது, நாம் செய்வதைப் பார்த்தே கணிக்கிறார்கள்.

கேள்வி: பேரனிடம் ஒரு வாரம் போனைக் கொடுத்தேன். நான் பார்த்துவந்த சதுரங்க ஆட்டங்கள் காணாமல் போய், திரை முழுக்க பொம்மை லாரிகள். எப்படி மீட்பது?

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 'பார்த்தவை' பட்டியலைத் திறந்து, அந்த ஒரு வாரத்தை மட்டும் அழியுங்கள். அடுத்த முறை பேரனுக்குத் தனிக் கணக்கு. லாரி வந்தால் "பிடிக்கவில்லை" என்று கட்டைவிரலைக் கவிழ்ப்பதோடு நிற்காதீர்கள். "ஆர்வமில்லை" என்ற தேர்வைத் தொடுங்கள்.

ஏன் ஒரு வாரத்தில் இப்படி ஆனது என்றால், குழந்தைகள் ஒரே வீடியோவை முழுதாக, திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். நீங்கள் ஓர் ஆட்டத்தின் நடுவில் எழுந்து போய்விடுவீர்கள். யூடியூப் 2012 முதலே எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கே அதிக மதிப்புக் கொடுக்கிறது. அந்தத் தராசில் வைத்தால், லாரி மீது பேரனுக்குள்ள அன்புக்கு முன்னால் உங்கள் சதுரங்கம் எம்மாத்திரம்?

ஆனால் 'பார்த்த நேரம்' என்பதே ஒரு பொல்லாத அளவுகோல். தொலைக்காட்சி பார்ப்பவர்களின் கணக்கை வைத்து இஃபான் ஹு, யெஹூதா கோரன், கிறிஸ் வொலின்ஸ்கி மூவரும் 2008இல் எழுதிய கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த ஓர் இடம் உண்டு. சேனலை மாற்றாமல் ஒருவர் அடுத்தடுத்து நிகழ்ச்சி பார்த்தால், மூன்றாவது நிகழ்ச்சியின் மதிப்பைப் பாதியாக வெட்டினார்கள். ஐந்தாவது நிகழ்ச்சிக்கு வரும்போது 99 சதவீதம் வெட்டு! காரணம் புரிகிறதா? அதற்குள் ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கியிருக்கலாம், அல்லது அறையில் ஆளே இருக்காது. 'பார்த்தார்' என்பது வேறு, 'பார்த்தார் என்று எவ்வளவு தைரியமாகச் சொல்லலாம்' என்பது வேறு என்று அவர்கள் இரண்டு எண்களாகப் பிரித்தது பெரிய காரியம். தானாக அடுத்த வீடியோவை ஓட்டிவிட்டு, அதை நீங்களே விரும்பிப் பார்த்ததாக எழுதிக்கொள்ளும் ஆப்களுக்கு இந்த அடக்கம் வேண்டும்.

கேள்வி: என் மகள் கணக்குப் பயிற்சி ஆப் ஒன்றில் பின்னம் படிக்கிறாள். ஒரே ஒரு தவறு செய்ததும் பழைய பாடத்துக்கே தள்ளிவிடுகிறது. அழுகிறாள். இது என்ன நியாயம்?

இது என் பழைய தொழில். எனவே கொஞ்சம் நீட்டி முழக்கப் போகிறேன்.

இந்த மாதிரி ஆப்கள் பலவற்றின் உள்ளே 1990களின் நடுவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கார்பெட், ஆண்டர்சன் இருவரும் வகுத்த கணக்கு ஓடுகிறது. ஒவ்வொரு திறனுக்கும் நான்கு எண்கள்: முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு கணக்கைப் போடும்போது கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே குத்துமதிப்பாகச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, தெரிந்தும் கைதவறிப் பிழை விடும் வாய்ப்பு.

கையால் போட்டுப் பார்ப்போம். தெரிந்திருக்கும் வாய்ப்பு 40 சதவீதம், கற்பது 10, குத்துமதிப்பு 25 (நான்கு விடைகளில் ஒன்று), கைத்தவறு 10 என்று வையுங்கள். முதல் விடை சரி: உங்கள் மகளுக்குப் பின்னம் தெரியும் என்ற ஆப்பின் நம்பிக்கை 40இலிருந்து 74க்கு ஏறும். இரண்டாவதும் சரி: 92. மூன்றாவதும் சரி: 98. வழக்கமான எல்லை 95 என்பதால், "தேறிவிட்டாள்" என்று அடுத்த பாடத்தைத் திறந்துவிடும். மூன்றே கணக்கு!

இப்போது முதல் விடை சரி, இரண்டாவது தப்பு என்று வையுங்கள். 74 அப்படியே 34க்குச் சரிகிறது. தொடங்கிய இடத்துக்கும் கீழே. குழந்தை கைதவறுவது பத்தில் ஒரு முறைதான் என்று அந்த எண் நம்புவதால், பிழை கண்டதும் 'இவளுக்குத் தெரியாது' என்றே முடிவு கட்டுகிறது. அந்த எண்ணை வைத்தவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். இரவு ஒன்பது மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு தட்டும் குழந்தைக்கு எத்தனை முறை கைதவறும் என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவன் காலையில் போடும் கணக்கெல்லாம் சரி, மாலையில் பாதி தப்பு. பகலுக்குள் மறந்துவிடுகிறான் என்று நினைத்து, மறதிக்கென்று ஐந்தாவதாக ஓர் எண்ணைச் சேர்த்தோம். வரைபடம் அழகாக வந்தது, கைதட்டிக்கொண்டோம். பிறகு ஒரு நாள் அவன் அம்மா வேறு ஏதோ சந்தேகம் கேட்க அழைத்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் சார், மாலையில் எனக்கு வேலை." எங்கள் ஐந்தாவது எண் அளந்தது அந்த அம்மாவின் வேலை நேரத்தை!

மகளிடம் சொல்லுங்கள்: ஆப் அவளைத் திட்டவில்லை. இன்னும் இரண்டு கணக்கைச் சரியாகப் போட்டால் அதுவே ஏறி வந்துவிடும். தூக்கம் வந்தால் மூடிவைத்துவிடட்டும்.

கேள்வி: மென்பொருள் நமக்கு ஏற்ப மாறினால் நல்லதுதானே? ஏன் எரிச்சல் வருகிறது?

எது மாறுகிறது என்பதைப் பொறுத்தது. 2000ஆம் ஆண்டின் மைக்ரோசாப்ட் ஆபீசில், நீங்கள் அடிக்கடி தொடாத மெனு வரிகள் தாமாக ஒளிந்துகொள்ளும். எண்ணம் நல்லதுதான். ஆனால் நாம் மெனுவைப் படிப்பதில்லை; கை அதுவாகப் போகிறது. மேலிருந்து நாலாவது வரி நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை என்றால், இருட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தி வைத்த மாதிரி. 2007 பதிப்பில் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆபீஸ் 97இல் வந்த, திரையில் தோன்றி உதவி வேண்டுமா என்று கேட்கும் பேப்பர் கிளிப் பொம்மையின் கதை இன்னும் பரிதாபம். மைக்ரோசாப்ட் ஆய்வாளர் எரிக் ஹார்விட்ஸ் குழுவின் 'லூமியர்' ஆய்வு, பயனர் எவ்வளவு தேர்ந்தவர் என்று நாளடைவில் கணித்து, உதவி தேவையா என்று எடைபோடப் பார்த்தது. விற்பனைக்கு வந்த கிளிப்பில் அந்த நீண்டகால நினைவைச் சேர்க்கவில்லை. ஆகவே நூறாவது கடிதம் எழுதும்போதும், முதல் கடிதம் எழுதுபவரிடம் கேட்பது போலவே குறுக்கே வந்து நின்றது.

இதற்கு நேர் எதிர், தொடுதிரைக் கீபோர்டு. சில போன்களில் அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று கணித்து, அந்த எழுத்தின் தொடும் பரப்பைச் சற்றுப் பெரிதாக்கிவிடும். கண்ணுக்கு எல்லா எழுத்தும் ஒரே அளவு. எதுவும் நகரவில்லை, விரல் பிசகினாலும் சரியான எழுத்தே விழுகிறது. இப்படிப்பட்ட மாற்றத்துக்குத்தான் என் ஓட்டு.

கேள்வி: நீங்கள் உங்கள் போனில் இதையெல்லாம் அணைத்து வைத்திருக்கிறீர்களா?

விளம்பரக் கணிப்பை அணைத்துவிட்டேன். வீடியோ தானாக ஓடுவதை அணைத்துவிட்டேன். நான் தட்டுவதைப் பார்த்துக் கீபோர்டு கற்றுக்கொள்வதை மட்டும் விட்டுவைத்தேன். அவசரத்தில் 'சுவரில்' என்பதை 'சுவற்றில்' என்று சில தடவை தட்டித் திருத்தாமல் அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது. இப்போது 'சுவ' என்றதுமே அந்தத் தப்பையே முதலில் எடுத்து நீட்டுகிறது. என் மனைவி தமிழாசிரியை. அவருக்கு அனுப்பும் செய்திகளில் மட்டும் சுவர் என்ற பேச்சையே எடுப்பதில்லை.