கண்ணைப் படம் எடுத்தால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. எங்கள் ஊர்க் கண் மையத்தில் டாக்டரே கிடையாது. ஒரு பெண் மிஷினில் கண்ணைப் படம் எடுக்கிறார், டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் பேசுகிறார். "கண்ணு நல்லாத்தானே தெரியுது, இதுக்குப் போய் ஒரு நாள் கூலியை விடணுமா?" என்கிறார் அப்பா. நம்பிப் போகலாமா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: தாராளமாகப் போகலாம், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். கண் நன்றாகத் தெரிகிறது என்று அப்பா சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சர்க்கரை, கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கும் விழித்திரையைக் கெடுக்கும்போது வலிக்காது, உறுத்தாது. பார்வை மங்கி நாமே உணரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும், போன பார்வையை மீட்பது கஷ்டம். முன்னாலேயே பிடித்துவிட்டால் லேசரிலோ ஊசியிலோ காப்பாற்றலாம்.

உங்கள் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள மையங்களையும் 2000-களின் நடுவிலேயே அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வைஃபையில் இணைத்தார்கள். வீட்டில் அடுத்த அறைக்கு எட்டவே திணறுகிற அதே வைஃபைதான். ஆன்டெனாவை உயரத்தில் கட்டி எதிர்முனையைப் பார்த்துத் திருப்பி, தூரத்துக்கு ஏற்றபடி மென்பொருளையும் மாற்றியதும் பல கிலோமீட்டர் தாண்டி வீடியோவே போனது.

படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்வதும் வந்துவிட்டது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டி ஒரு கம்ப்யூட்டர் நிரலைப் பழக்கினார்கள், அரவிந்த், சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. ஆனால் அந்த நிரலைத் தாய்லாந்து கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனபோது, ஐந்தில் ஒரு படத்தை அது ஏற்கவே இல்லை. பல இடங்களில் அறை போதுமான இருட்டாக இல்லை, நெட்டும் இழுத்தடித்தது.

அதனால் நீங்கள் கூடவே நில்லுங்கள். அப்பா தாடையை வைத்து உட்காரும்போது அறை இருட்டாக இருக்கட்டும். ஃப்ளாஷ் அடிக்கும்போது சிமிட்டிவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள். "ரெண்டு கண்ணும் தெளிவா விழுந்திருக்கா?" என்று கேளுங்கள். படம் மங்கலாக இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது. கண்புரை இருந்தாலும் மங்கலாகத்தான் விழும், அப்போது சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு அப்பா வண்டி ஓட்டக் கூடாது. அப்புறம், லேசர் வேண்டும் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆகவேண்டும். எல்லாம் சரி என்று சொன்னாலும் அடுத்த வருடம் இதே மாதம் மறுபடி கூட்டிப் போங்கள்.