‘எப்போதுமா?’ என்ற கேள்விக்குப் பதில்

மகன் நேர்முகத் தேர்வில் தடுமாறியதற்குத் தமிழ் வழியில் படித்ததுதான் காரணமோ என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இல்லை ஐயா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் ஒரே ஒரு கேள்வியில்தான் சறுக்கியிருக்கிறார்.

கோப்புகள் ஒரு கணினியில் இருக்க, வேறு கணினிகள் அவற்றைத் தம்முடையவைபோல் திறந்து எழுதும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் முதலில் தொடர்பைத் தொடங்குவது கோப்புகளை வைத்திருக்கும் சர்வரா, அவற்றைக் கேட்கும் கிளையன்டா என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் மகன் ‘கிளையன்ட்’ என்றார். ‘எப்போதுமா?’ என்றதும் வாயடைத்துப் போனார். பாதி சரி என்பேன். மீதிப் பாதியில்தான் வேலை இருக்கிறது.

1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய, அப்படிப்பட்ட ஏற்பாடான என்எஃப்எஸ் (NFS) முறையையே எடுத்துக்கொள்வோம். கிளையன்ட், சர்வரின் 2049ஆம் போர்ட் என்ற எண்ணிட்ட வாசலைத் தட்டும், சர்வர் திறக்கும். ஆனால் நான்காம் பதிப்பில் ஒரு கோப்பை நம்பிக்கையாகக் கிளையன்டிடமே ஒப்படைத்துவிடும் வசதி வந்தது. அதே கோப்பை இன்னொருவர் கேட்டால், ‘திருப்பிக் கொடு’ என்று சர்வர்தான் கிளையன்டை அழைக்க வேண்டும். அதற்கு 4.0 பதிப்பில் சர்வர் தனியாக ஒரு தொடர்பைத் திறக்கும்.

வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கேரளத்துக்குள் வருகிற சரக்குக்கு அங்கே எத்தனை கெடுபிடி! கிளையன்டுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலும் அந்த ஜாதிதான். உள்ளிருந்து கிளம்புகிறவனை விட்டுவிடும், வெளியிலிருந்து தானாக வருகிறவனை நிறுத்தும். சர்வரின் அழைப்பும் அங்கேயே நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், எதுவும் உடைந்ததாகத் தெரியாது. முன்கூட்டியே விடும் சோதனை அழைப்பு போய்ச் சேரவில்லை என்று கண்டதும் சர்வர் கோப்பை ஒப்படைக்காமலே இருந்துவிடும். கோப்பு திறக்கும், அந்த வசதி மட்டும் கிடைக்காது. 2010இல் வெளியான 4.1 பதிப்பு இதற்கு வழி கண்டது: கிளையன்ட் திறந்துவைத்த தொடர்பின் வழியாகவே சர்வரும் திரும்பப் பேசலாம்.

பெருந்தரவுகளைப் பல கணினிகளில் பிரித்து வைக்கும் ஹடூப்பின் கோப்பு முறையோ வேறு குணம். அதில் தலைமைக் கணினியான நேம்நோட் யாரையும் தானாக அழைப்பதே இல்லை. கோப்புத் துண்டுகளை வைத்திருக்கும் டேட்டாநோட்கள் வழக்கமாக 3 விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். அதற்கான பதிலிலேயே நேம்நோட் கட்டளையையும் சேர்த்து அனுப்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இவ்வளவையும் உங்கள் மகன் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தால் போதும். வீட்டுக் கணினியில் இரண்டு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரங்களை (கணினிக்குள் இயங்கும் கணினிகள்) நிறுவி, ஒன்றின் அடைவை என்எஃப்எஸ் வழியாக மற்றொன்றில் மவுன்ட் செய்யட்டும், அதாவது இணைக்கட்டும். பிறகு தொடர்புகளைப் பட்டியலிடும் ‘எஸ்எஸ்’ (ss) கட்டளையைக் கொடுத்து எந்தத் தொடர்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்கட்டும். அடுத்து ஃபயர்வாலை மூடித் திறந்து பார்க்கட்டும். ஒரு மாதம் மாலை நேரங்களை இதற்கு ஒதுக்கினால் போதும்.

தென்னந்தோப்பை அடகு வைத்துப் பெங்களூர்ப் பயிற்சி மையத்தில் சேர்க்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். சான்றிதழ் அவசியம் என்று தோன்றினால் லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ (RHCSA) தேர்வு எழுதட்டும். அது முழுக்கச் செய்முறைத் தேர்வு. என்எஃப்எஸ் மவுன்ட் செய்வதும் ஃபயர்வால் அமைப்பதும் அதன் பாடத்திட்டத்திலேயே உள்ளன. மேலே படிக்க விரும்பினால் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் முதுநிலைப் பட்டயப் படிப்புகள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும்.

அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது, சர்வர் பக்கமும் கிளையன்ட் பக்கமும் அந்தக் கட்டளை காட்டியதை இரண்டு தாளில் அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். 2049 என்ற எண் ஒவ்வொரு தாளிலும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, ஏன் என்று கேட்பேன்.